வால் ஒட்டும் இடம்

தொர்கின் எனக்கு மேல்மாடி. வீட்டில் அல்ல, அல்மாட்டியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில். கீழ்த்தளத்தில் நாங்கள் ரத்தத்தையும் திசுவையும் இலையையும் அரைத்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்போம். சுழலும் இயந்திரங்களும் பனிக்கட்டிப் பெட்டிகளும் வாய் ஓயாத பெண்களுமாக எங்கள் தளம் எப்போதும் சந்தைக்கடைதான். மேலே சத்தமே இருக்காது. நீளமான நடைகூடத்தின் கோடியில் ஒரு அறை. அதில் ஒரு மேசை, மலையைப் பார்த்த ஜன்னல், தொர்கின்.

கணக்குப் படித்தவள். கல்யாணம் ஆயிற்று. கணவர் நிலவியல்காரர். மேற்கே எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் அவள் ஒருபோதும் சொன்னதில்லை, ஆய்வுக்கூடம்தான் சொல்லிக்கொண்டது. பிறகு தல்திகோர்கனிலிருந்து அம்மாவை அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அவளுடைய மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்லுக்குள் ஒரு மரபணு வேலை செய்ய, முதலில் அதற்கு ஒரு நகல் எழுதப்படும். அதுதான் ஆர்.என்.ஏ. நகலின் கடைசியை வெட்டி, அங்கே 'ஏ' என்ற ஒரே எழுத்தாலான நீண்ட வாலைச் செல் ஒட்டிவிடும். வால் இருந்தால்தான் நகல் சீக்கிரம் சிதையாது. ஆனால் எல்லா நகலிலும் வால் ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை. ஒரே மரபணுவின் நகல் நல்ல ஈரலில் நெட்டையாக இருக்கும், நோய் வந்த ஈரலில் குட்டையாகிவிடும். குட்டையும் நெட்டையும் செல்லுக்குள் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். நாங்கள் கீழே பிரித்துக் கொடுக்கும் ஆர்.என்.ஏ.வை இயந்திரம் முழுசாகப் படிக்காது, நொறுக்கித் துண்டு துண்டாகத்தான் படிக்கும். அந்தத் துண்டுகளை மறுபடி மரபணுவின் மேல் அடுக்கினால் ஒரு மேடு தெரியும். மேடு எங்கே சட்டென்று சரிகிறதோ அங்கே கொஞ்சம் நகல்கள் முடிந்திருக்கின்றன என்று அர்த்தம். அங்கேயே நின்றது எவ்வளவு, தாண்டிப் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் தொர்கின் எழுதிய மென்பொருள்.

அதற்குக் 'குய்ருக்' என்று பெயர் வைத்தாள். எங்கள் மொழியில் வால். ஆட்டின் வால் கொழுப்புக்கும் அதே பெயர்தான். சம்பந்தம் பேசி முடித்ததும் சம்பந்திகளுக்கு ஈரலோடு சேர்த்து அதைத்தான் ஊட்டுவோம். அப்புறம் கேட்க வேண்டுமா? தேநீர் நேரத்தில் எங்கள் இயக்குநரே ஆரம்பித்துவிடுவார்.

"தொர்கின், எங்களுக்கெல்லாம் எப்போ குய்ருக் ஊட்டப்போறீங்க?"

"மாப்பிள்ளையை நீங்க கூட்டிட்டு வாங்க சார். வாலு என்கிட்ட ரெடியா இருக்கு."

அப்போது அவளுக்கு அப்படி ஒரு வாய் இருந்தது.

குய்ருக் எங்கள் கட்டடத்தைத் தாண்டிப் போனது. இலவசமாகத்தான் இணையத்தில் வைத்திருந்தாள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஏதாவது சிக்கல் என்றால் எழுதிப் போட அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 'ஓடவில்லை.' 'பாதியில் நின்றுவிட்டது.' 'உங்கள் விளக்கக் குறிப்பு தப்பு.' ஓடியது என்று யாரும் எழுதுவதில்லை, ஓடினால் எதற்கு எழுதப்போகிறார்கள்? தொர்கின் எல்லோருக்கும் பதில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் போடுவாள். பதில் கிடைத்ததும் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

ஒருநாள் படியிறங்கி என் மேசைக்கு வந்தாள். முகத்தில் வெட்கமா சிரிப்பா என்று தெரியாத ஒன்று.

"ரௌசா, இங்க பாரேன். ஒருத்தன் எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்கான்."

தாஷ்கண்டிலிருந்து, மிர்சோஹித் என்ற பெயரில் வந்த கடிதம். ரஷ்ய மொழியில், கொஞ்சம் புத்தகத்தனமாக. 'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, நலமா? வீட்டில் எல்லோரும் சுகமா? வேலை நன்றாக நடக்கிறதா? உங்கள் குய்ருக்கை நாங்கள் பருத்திச் செடிக்குப் பயன்படுத்துகிறோம்' என்று தொடங்கி, அதன் பிறகுதான் சிக்கல் என்னவென்று வந்தது. 'நாங்கள்' என்பதை அவள் பணிவுக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டாள். பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்.

அதிலிருந்து வருஷக்கணக்கில் அது நடந்தது. பேச்செல்லாம் துண்டுகள், சரிவுகள், பருத்தி மரபணுக்கள் பற்றித்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் வரி நலம் விசாரிப்பு. இவளும் பதிலில் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தாள். இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன என்பாள். மலையில் புதுப் பனி விழுந்திருக்கிறது என்பாள். அங்கிருந்து ஒருமுறை முலாம்பழத்தின் படம் வந்தது, பக்கத்தில் அளவு தெரிய ஒரு தொப்பியை வைத்து எடுத்தது. அந்தப் படத்தைப் பெரிசாக அச்செடுத்து ஜன்னல் பக்கம் ஒட்டினாள்.

சில சமயம் மிர்சோஹித் நீளமாக எழுதுவான், சில சமயம் இரண்டே வரி. ஒரு கோடையில் சொற்கள் வெடுக்கென்று இருந்தன. "என்னமோ மனக்கஷ்டம் போல இருக்கு அவனுக்கு. வீட்ல பிரச்சினையா இருக்குமோ?" என்று என்னிடம் சொன்னாள். இலையுதிர் காலத்தில் மறுபடி கனிவாக எழுத்து வந்ததும் "தேறிட்டான்" என்றாள். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும், அளந்து பேசுகிறவன், தனியாக இருக்கிறவன் என்று அவள் மனசுக்குள் ஒரு ஆளே உருவாகிவிட்டான்.

"நேர்ல பேசிப் பாக்கலாமில்ல? போன் பண்ணு," என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே போயிட்டிருக்கு."

பிறகு அவள் அம்மா படுத்துவிட்டார். பக்கவாதம். தொர்கின் காலையில் மருத்துவமனை, பகலில் வேலை, மாலையில் மறுபடி மருத்துவமனை என்று அலைந்தாள். தேநீருக்கு வருவது நின்றது. மிர்சோஹித்துக்குப் பதில் தாமதமானபோது மன்னிப்புக் கேட்டு, அம்மா மருத்துவமனையில் இருப்பதாக எழுதினாள். அடுத்த கடிதம் முதல் நலம் விசாரிப்பில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். 'அம்மாவுக்கு இப்போது பரவாயில்லையா? சாப்பிடுகிறார்களா?'

குளிர்காலம் முடிகிற சமயத்தில் அம்மா இறந்துபோனார். எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணன் மகன்கள் வந்து உடலை ஊருக்கு எடுத்துப் போனார்கள். அவளும் போய், அடக்கம் முடிந்து திரும்பிவந்து மேலே தன் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அதைச் சொன்ன முதல் ஆள் மிர்சோஹித். ஏதோ ஒரு பிழைக்குப் பதில் எழுதி, கடைசியில் 'என் அம்மா காலமாகிவிட்டார்' என்று ஒரு வரி. அங்கிருந்து வந்த ஆறுதலை எனக்குப் பிறகு காட்டினாள். நீளமான கடிதம். அம்மா போன வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலும் மனசு திரும்பிப் பார்க்கும், அது ஆறக் காலமாகும், அவசரப்படாதீர்கள், சாப்பிடாமல் இருக்காதீர்கள், கணக்கெல்லாம் காத்திருக்கும் என்று எழுதியிருந்தது. அதை எத்தனையோ முறை படித்திருப்பாள். எனக்கு விஷயம் தெரிந்தது வாசல் காவல்காரர் சொல்லித்தான்.

"ஏன் தொர்கின் என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் கீழ எறங்கி வந்தேன். நீங்க எல்லாரும் எதுக்கோ சிரிச்சிட்டிருந்தீங்க. திரும்பிட்டேன்."

அந்த வருஷமே எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தது. ஆர்.என்.ஏ.வை நொறுக்காமல், தலையிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் படிக்கிற இயந்திரம். இயக்குநர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை.

"இனிமே எங்க முடியுதுன்னு ஊகிக்க வேண்டாம் பாருங்க. வாலையே நேரா படிச்சிடுது. குய்ருக் அதோட வேலையைச் செஞ்சு முடிச்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம்."

"ஏற்கெனவே நொறுக்கிப் படிச்ச டேட்டா உலகம் பூரா மலை மாதிரி கெடக்கு சார். இந்த மெஷின் வாங்க முடியாதவங்க நெறைய பேர்."

"அது அவங்க கவலை, தொர்கின். நமக்கு வெப்சைட் பாத்துக்க ஆள் வேணும்."

அவள் சண்டை போடவில்லை. குய்ருக்கின் பக்கத்தில் 'இது இனி பராமரிக்கப்படாது' என்று ஒரு அறிவிப்பைப் போட்டு மூடிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் அதை மிர்சோஹித் மற்றவர்களோடு சேர்ந்து அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாள். நேரில் சொல்ல வேண்டும். 'வசந்தத்தில் தாஷ்கண்ட் வருகிறேன், சந்திக்கலாமா?' என்று எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. 'வாருங்கள், காத்திருக்கிறோம்.'

புறப்படுவதற்கு முன் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு.

"என்னடி இது, புதுசா?"

"நரை ரொம்பத் தெரியுது."

"யாருக்குத் தெரியுது?"

"போ, போய் உன் ரத்தத்தைச் சுத்து," என்றாள். நீண்ட நாளைக்கப்புறம் பழைய வாய்.

ரயிலில் போனாள். பையில் ஒரு சாக்லேட் பெட்டி, தானே உலர்த்திய ஆப்பிள், மிர்சோஹித்துக்கு என்று ஒரு கம்பளிக் கழுத்துத்துணி. இரவு முழுக்கப் புல்வெளி, காலையில் சரியகாஷ் எல்லையில் சோதனை. எதிர் இருக்கையில் இருந்த உஸ்பெக் அம்மாள் "யாரைப் பாக்கப் போறே கண்ணு?" என்று கேட்டதற்கு "தெரிஞ்சவரை" என்று மட்டும் சொன்னாளாம்.

பருத்தி ஆய்வு நிலையம் நகரத்துக்கு வெளியே. டாக்சியை விட்டு இறங்கியதும் வாசலில் இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து வரவேற்றார்கள். ஒல்லியாக ஒரு இளைஞன், முப்பதைத் தாண்டிய ஒரு பெண். தொர்கின் இளைஞனைப் பார்த்தாள். அவள் நினைத்ததைவிட வயசு ரொம்பக் குறைவு.

"நீங்கதான் மிர்சோஹித்தா?"

"இல்ல ஓபா," என்றான். அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நான் ஃபைசுல்லா. இவங்க நசீபா. போன வாரம் உங்களுக்குப் பதில் எழுதினது நான்தான்."

"அப்போ மிர்சோஹித்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நசீபாதான் பேசினாள். "மிர்சோஹித் அண்ணனா? அவர் கொரியா போயி எவ்வளவோ வருஷம் ஆச்சே ஓபா. அக்கவுண்ட் அவர் பேர்ல தொறந்தது, அவ்வளவுதான். மொத ஒண்ணு ரெண்டு அவர் எழுதியிருப்பார். பாஸ்வேர்ட் கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டியிருக்கும். யாருக்குச் சந்தேகம் வருதோ அவங்க எழுதுவோம்."

தொர்கின் கையில் இருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த முலாம்பழம்?"

"அதுவா, எங்க தோம்லா. அவரோட தொப்பிதான் அது." ஆசிரியரை அப்படி அழைப்பார்கள். நிலையத்தின் தலைவர் அவர்.

"ஒரு கோடையில கொஞ்சம் கோவமா எழுதினது?"

நசீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது பாகோதிர்னு ஒரு பையன். ரஷ்யன் சரியா வராது அவனுக்கு. கோவமெல்லாம் இல்ல ஓபா, தெரிஞ்ச வார்த்தையே அவ்வளவுதான். இப்போ அவன் டயர் கடை வெச்சிருக்கான்."

உள்ளே கூட்டிப் போனார்கள். ஆய்வு அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப்போட்டு விரிப்பு விரித்திருந்தார்கள். பெரிய தாம்பாளத்தில் புலாவ், ரொட்டி, மூலிகைத் தழை, தயிர், பச்சைத் தேநீர். மேசையைச் சுற்றி நிறைய தட்டுகள், நிறைய கிண்ணங்கள். தோம்லா எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி வைத்த கனத்த மனிதர். கைகொடுத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாம் பின்னாடி வர்றாங்களா?"

"எந்த மத்தவங்க?"

"உங்க டீம். குய்ருக் டீம்."

"டீம்லாம் இல்லைங்க. நான் மட்டுந்தான்."

தோம்லா விளங்காமல் ஃபைசுல்லாவைப் பார்த்தார். ஃபைசுல்லா சொன்னான்: "நாங்க ஒரு பெரிய டிபார்ட்மெண்டே இருக்குன்னு நெனச்சோம் ஓபா. எந்தக் கிழமை எழுதினாலும் பதில் வருது. ஞாயித்துக்கிழமைகூட வருது. ஷிஃப்ட் போட்டு ஆள் வெச்சிருக்காங்கன்னு பேசிக்குவோம்."

"ஒருத்தர் கணக்கு பாக்கறவரு, ஒருத்தர் புரோகிராம் எழுதறவரு, ஒரு பொம்பளை பூ பத்தி எழுதறவங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் நசீபா. பிறகு ஏதோ நினைவு வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஓபா, உங்க டீம்ல யாருக்கோ அம்மா தவறிட்டாங்கன்னு எழுதியிருந்தாங்களே. அவங்க இப்போ எப்படி இருக்காங்க?"



"அது நான்தான்," என்றாள் தொர்கின்.

தோம்லா மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவள் அம்மாவுக்காக ஓத ஆரம்பித்தார். நசீபாவும் ஃபைசுல்லாவும் கை விரித்தார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூட சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் அப்படியே குந்திக் கை விரித்தார்கள். முடிந்ததும் எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். "அம்மா பேரு என்னம்மா?" என்று தோம்லா கேட்டார். சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி இன்னொரு முறை வேண்டிக்கொண்டார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நடைகூடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கியதோடு சரி.

அந்த ஆறுதல் கடிதத்தை யார் எழுதியது என்று கேட்டாள். நசீபா சொன்னாள்: "எல்லாருந்தான் ஓபா. என்ன எழுதறதுன்னு தெரியல. நான் ஒண்ணு சொன்னேன், பாகோதிர் ஒண்ணு சொன்னான், தோம்லா ரஷ்யன்ல சரி பண்ணார். கதவு சத்தம் பத்தி எழுதினது பாகோதிர்தான். அவனுக்குச் சின்ன வயசுலேயே அம்மா இல்ல."

தொர்கின் கைகழுவப் போகிறேன் என்று சொல்லி எழுந்துபோய், வெளிமுற்றத்தில் குழாயடியில் வெகுநேரம் நின்றாளாம். திரும்பி வந்த பிறகு என்னிடம் இதைச் சொன்னபோது அவள் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "செத்துப்போனவனுக்கு அழற மாதிரி அழுகை வந்துச்சு ரௌசா. ஆனா சாகறதுக்கு அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லையே. அவங்க மேல கோவப்பட முடியல. எல்லாரும் நல்லவங்க. அவன் மட்டும் இல்ல."

சாப்பிட்டு முடித்ததும் ஃபைசுல்லா தயங்கித் தயங்கி வந்தான். "ஓபா, களைப்பா இருப்பீங்க. ஆனா ஒரு சந்தேகம். இதுக்காகத்தான் ரெண்டு மாசமா மண்டையை ஒடச்சிட்டிருக்கேன்."

"கொண்டா," என்றாள். தன் வேலை என்று வந்துவிட்டால் அவள் முகமே மாறிவிடும்.

வறட்சியில் வாடிய பருத்தியில் ஒரு மரபணு. தண்ணீர் இருக்கும்போது நகல்கள் பெரும்பாலும் நெட்டையாக முடிகின்றன. தண்ணீர் இல்லாதபோது பெரும்பாலும் குட்டை. வறட்சி வந்தால் செடி வாலை முன்னாலேயே ஒட்டிவிடுகிறது என்று அவன் எழுதத் தயாராக இருந்தான். ஆனாலும் சரிவின் விளிம்பு அவனுக்கு உறுத்தியது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அங்கங்கே ஒரு எழுத்து ஒத்துவரவில்லை. அவன் அதைப் படிக்கும்போது வந்த பிழை என்று தள்ளிவைத்திருந்தான்.

இருவரும் ஒரே திரைக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். தொர்கின் மென்பொருளின் உட்பகுதியைத் திறந்து வரி வரியாகக் காட்டினாள். அவ்வளவு வருஷத்தில் அதை இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியது அதுவே முதல்முறை.

"இங்க பாரு. ஒரு மரபணுன்னா ஒண்ணுதான்னு நான் எடுத்துகிட்டேன். மனுஷ ஈரலுக்கு எழுதினது இது. உங்க பருத்தி எத்தனை பரம்பரையிலேர்ந்து வந்தது?"

"ரெண்டு ஓபா. ரெண்டு பழைய செடி ஒண்ணா சேந்து வந்தது. அதனால எல்லா மரபணுவும் ரெண்டு ரெண்டா..." அவன் பாதியில் நிறுத்தினான். "ஐயோ."

"அந்த ஒத்துவராத எழுத்தை வெச்சுப் பிரி. தள்ளி வெச்சியே, அதுதான்."

பிரித்தார்கள். சாயங்காலம் வரை அதே வேலை. நசீபா கொண்டுவந்து வைத்த தேநீரெல்லாம் ஆறிப்போனது. கடைசியில் திரையில் ஒரு மேட்டுக்குப் பதிலாக இரண்டு மேடுகள் வந்தன. ஒன்று எப்போதும் குட்டை. இன்னொன்று எப்போதும் நெட்டை. இரண்டுமே வாலை இடம் மாற்றவில்லை. வறட்சியில் குட்டை அதிகமாக வேலை செய்தது, நெட்டை சும்மா இருந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் ஒரே மரபணு மனசு மாறியது போலத் தெரிந்திருக்கிறது.

தொர்கினுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அடக்க முடியாமல் சிரித்தாள். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஃபைசுல்லாவுக்கு அழுகை வராத குறை. "அப்போ என் கண்டுபிடிப்பு போச்சா ஓபா?"

"போகல. வேற கண்டுபிடிப்பா ஆயிடுச்சு. இது முன்னத விட நல்லாருக்கு, யோசிச்சுப் பாரு."

அதற்கப்புறம்தான் வந்த காரணத்தைச் சொன்னாள். குய்ருக்கை மூடப்போகிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். யாரிடம் சொல்ல என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தோம்லா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மூடுறதுன்னா மூடும்மா. உன் இஷ்டம். ஆனா எங்ககிட்ட குடுத்துட்டு மூடு. அந்தப் பெரிய மெஷின் எங்களுக்கு வராது. எங்களுக்கு இதுதான்."

"பாத்துக்க ஆள் வேணும் தோம்லா. பதில் எழுதிட்டே இருக்கணும்."

"ஆளுக்கா பஞ்சம்? எங்ககிட்ட எத்தனை மிர்சோஹித் இருக்கான் பாத்தியே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாளாம்.

ராத்திரி தன் வீட்டில் தங்கச் சொல்லி நசீபா கையைப் பிடித்து இழுத்தாள். தொர்கின் விடுதிக்கே போய்விட்டாள். மறுநாள் ரயிலுக்கு நேரம் இருந்தது. மெட்ரோவில் ஏறி எங்கெங்கோ இறங்கினாள், ஒரு பூங்காவில் உட்கார்ந்தாள். அந்தக் கழுத்துத்துணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. டயர் கடை எங்கே இருக்கிறது என்று நசீபாவிடம் போனில் கேட்டாள். போய்ப் பார்த்தாள். கிரீஸ் படிந்த கையோடு ஒரு குட்டையான ஆள் டயருக்குள் காற்றடித்துக்கொண்டிருந்தான். தன்னை யாரென்று சொன்னாள். அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, பிறகு முகம் மலர்ந்தது.

"குய்ருக்! ஆமா ஆமா. ரொம்ப கஷ்டம் குடுத்துச்சு ஓபா அது எனக்கு." ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "எழுதினேனா? இருக்கும். எனக்கு ஞாபகம் இல்ல ஓபா. ஆனா கதவு விஷயம் நெசந்தான்."

துணியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலிலேயே கழுத்தில் சுற்றிக்கொண்டானாம்.

அல்மாட்டிக்குத் திரும்பி அந்தக் கோடை முழுக்கப் பருத்திக்காக மென்பொருளை மாற்றி எழுதினாள். இரட்டைப் பரம்பரை உள்ள செடிகளுக்கெல்லாம் அது இப்போது வேலை செய்கிறது, கோதுமைக்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் தாஷ்கண்டுக்கு மாற்றிக் கொடுத்தாள். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான், பதில் எழுதுகிறவர்கள் கீழே சொந்தப் பெயரைப் போட வேண்டும். ஃபைசுல்லா கொஞ்சநாள் பார்த்தான். அவனும் வெளிநாடு போய்விட்டான். இப்போது வேறு பெயர்கள் வருகின்றன.

அவள் ஆய்வுக்கூடத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை அறிவிப்பு, இயக்குநரின் வாழ்த்துச் செய்தி, வெளியூர் விருந்தாளிகளின் படம். தப்பில்லாமல் செய்கிறாள். தேநீருக்குச் சில நாள் கீழே வருவாள், சில நாள் வரமாட்டாள். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பாள். நான் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்துக்குப் போன் வரும், இன்னிக்கு வேண்டாம், இன்னொரு நாள் என்று. கட்டாயப்படுத்தினால் இன்னும் விலகிப் போவாள் என்று தெரிந்து நானும் விட்டுவிடுவேன்.

இந்த வசந்தத்தில் நசீபா தன் பெண்குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்ட அல்மாட்டி வந்தாள். தொர்கின் வீட்டில்தான் தங்கினார்கள். அம்மாவின் கட்டிலில் புது விரிப்புப் போட்டுக் கொடுத்தாள். குழந்தை அந்த வீட்டைத் தலைகீழாக்கிவிட்டதாம். அலமாரியில் இருந்த கரண்டியெல்லாம் குளியலறையில் கிடந்ததாம். அதை என்னிடம் சொன்னபோது நான் அவளை ரொம்ப நாளாகப் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

அவர்கள் போய் இரண்டு வாரம் கழித்து ஏதோ வேலையாக அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் விரிப்பு கலைந்தபடியே இருந்தது. தலையணையில் சின்னதாக ஒரு குழி.

"எடுத்து வெக்கலையா?" என்றேன்.

"வெக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட அடுக்களைக்குப் போனாள்.